வக்கீல் சங்கக் கூட்டத்தில் கட்சிக்காரருக்கு ஒரு நாற்காலி உண்டா?

கேட்டவர் கும்பகோணத்துப் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கும் அவர் மகள், அந்த மாநில வழக்கறிஞர் அமைப்பின் நிர்வாகக் குழுக் கூட்டத்தைப் போய்ப் பார்த்தாராம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பேர் கொடுத்தால் இரண்டு நிமிடம் பேசவும் விடுகிறார்கள் என்று போனில் சொல்லியிருக்கிறார். "இங்கே எங்கள் பாகப்பிரிவினை வழக்கு ஒன்பது வருஷமாக இழுக்கிறது. வக்கீல்கள் பாய்காட் என்றே எத்தனையோ வாய்தா போயிற்று. பாய்காட் என்று முடிவெடுக்கிற அந்தக் கூட்டத்தில் நான் போய் உட்கார எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்கிறார்.

உரிமை இல்லை ஐயா. நீங்கள் கதவைத் தட்டினால் உள்ளே விடவேண்டும் என்று எந்தச் சட்டமும் வக்கீல் சங்கத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உங்கள் மகள் பார்த்த கூட்டமும் நீங்கள் பார்க்க நினைக்கும் கூட்டமும் ஒரே ஜாதி இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், யாரிடம் எதைக் கேட்கலாம் என்பது தானாகத் தெளிந்துவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டியவன், ஒரு தடவை சங்கச் செயலாளராகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் ஊரில் இரண்டு தனித்தனி அமைப்புகளைச் சேர்த்து 'வக்கீல் சங்கம்' என்று சொல்லிவிடுகிறோம். ஒன்று கோர்ட் வளாகத்துக்குள் பார் ரூமோடு, அதாவது வக்கீல்கள் உட்காரும் அறையோடு, இருக்கும் சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர், நூலகர், செயற்குழு எல்லாம் இதில் உண்டு. பெரும்பாலும் 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. சட்டத்தின் கண்ணில் இதுவும் ஒரு மனமகிழ் மன்றமும் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தா கட்டுகிற உறுப்பினர்கள், வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு, கணக்குத் தாக்கல், அவ்வளவே.

இன்னொன்று பார் கவுன்சில். இது 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் பெற்ற பிள்ளை. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 25 பேர், கூடவே பதவி வழியில் மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல். யார் வக்கீல் ஆகலாம், தப்பு செய்த வக்கீலை என்ன செய்வது, வக்கீல் பட்டியலிலிருந்து யார் பெயரை அடிப்பது என்றெல்லாம் தீர்மானிப்பது இதுதான். பார் ரூம் சங்கத்துக்கு அந்த அதிகாரத்தில் ஒரு துளியும் கிடையாது. அதிகபட்சம் தன் உறுப்பினர் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கலாம். நீக்கப்பட்டவர் மறுநாள் காலையில் அதே கோர்ட்டில் வந்து வக்காலத்து போடுவார், யாரும் தடுக்க முடியாது.

உங்கள் மகள் பார்த்தது இந்த இரண்டாவது ரகம். கலிஃபோர்னியா மாநில வழக்கறிஞர் அமைப்பு 1927-இல் உண்டானது. அந்த மாநிலத்தில் தொழில் செய்ய லைசென்ஸ் வேண்டும் என்றால் அதில் இருந்தே ஆகவேண்டும், ஒழுங்கு நடவடிக்கையும் அதன் கையில். அங்கே பேக்லி–கீன் திறந்த கூட்டச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, மாநில அரசின் வாரியங்கள் கதவைத் திறந்துவைத்துத்தான் கூட வேண்டும் என்கிற சட்டம். வழக்கறிஞர் அமைப்பு நெடுங்காலம் அதற்கு வெளியே நின்றது. 2016-இல்தான் அதையும் உள்ளே இழுத்தார்கள். அதிலிருந்து பத்து நாள் முன்னால் நிகழ்ச்சி நிரல் வெளியாக வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். வழக்கு ஆலோசனை, ஊழியர் விவகாரம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் கதவை மூடிக்கொள்ளலாம்.

இதைவிட என்னை உறுத்துகிற வித்தியாசம் வேறு. அந்த நிர்வாகக் குழுவில் 13 இடம், அதில் 6 பேர் வக்கீல் அல்லாதவர்கள். நம் பார் கவுன்சிலில் அப்படி ஒருவர்கூட இல்லை. வக்கீல்களை வக்கீல்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், வக்கீல் மேல் வரும் புகாரையும் வக்கீல்களே விசாரிக்கிறார்கள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அதே கலிஃபோர்னியாவில் பெரும்பாலான கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) தனியாகச் சங்கங்கள் இருக்கின்றன, நம் பார் ரூம் மாதிரி, விரும்பினால் சேரலாம். அவற்றுக்கு இந்தத் திறந்த கூட்டச் சட்டம் பொருந்தாது. ஆகவே மகளிடம் 'உங்கள் ஊர் கவுண்டி சங்கக் கூட்டத்துக்கும் போய்ப் பார்' என்று சொல்லுங்கள். அங்கேயும் வாசலில் 'நீங்கள் உறுப்பினரா?' என்றுதான் கேட்பார்கள்.

நம் ஊர் பார் கவுன்சில் கூட்டத்துக்காவது போகலாமா என்றால், வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதற்கு ஒரு வரி கிடைக்காது. கூட்டம் தலைமையகத்தில் நடக்க வேண்டும், வேறு ஊரில் நடத்தினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், வெளியார் உட்காரலாமா என்பதில் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் தொழிலுக்கு வருபவனிடம் எவ்வளவு கட்டணம் வாங்குவது என்பதைக்கூட மூடிய அறைக்குள் முடிவு செய்ததன் விளைவை நாடே பார்த்தது. சட்டத்தில் 750 ரூபாய் என்று எழுதியிருக்க, பல மாநில பார் கவுன்சில்கள் அந்தப் பேர் இந்தப் பேர் சொல்லிப் பல்லாயிரம் வசூலித்தன. 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம்தான் 'சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்காதே' என்று நிறுத்தியது. அந்தத் தீர்மானங்கள் போட்ட நாளில் ஏழை வீட்டுச் சட்ட மாணவன் நாலு பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் பார் கவுன்சில் விஷயத்தில் உங்கள் கையில் ஓர் ஆயுதம் உண்டு. அது சட்டத்தால் உருவானது, ஆகவே 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, இன்ன தேதிக் கூட்டத்தின் தீர்மான நகல் என்று கேட்கலாம். பார் ரூம் சங்கத்திடம் இதே மனுவைக் கொடுத்தால் 'நாங்கள் பொது அதிகார அமைப்பு அல்ல' என்று திருப்புவார்கள். கேரளக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் அவர்களுக்குச் சாதகம். ஒரு சட்டத்தின் கீழ் பதிவாகியிருப்பதாலோ அரசின் மேற்பார்வை இருப்பதாலோ மட்டும் ஓர் அமைப்பு பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது, அரசுப் பணம் கணிசமாகப் போயிருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. கோர்ட் வளாகத்தில் இடம் கிடைக்கிறதே, அது அரசு உதவி இல்லையா என்று வாதாடிப் பார்க்கலாம். வெற்றிக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பதிவான சங்கம் வருஷக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே போய்க் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் உண்மையான வலிக்கு வருகிறேன். பாய்காட்.

அலுவல் பாஷையில் 'பணிப் புறக்கணிப்பு'. இதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. 2002 டிசம்பரில் ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் பச்சையாகச் சொல்லிவிட்டது. வக்கீலுக்கு வேலைநிறுத்தம் செய்யவோ புறக்கணிப்புக்கு அழைக்கவோ உரிமை இல்லை. அறிக்கை விடு, பேனர் பிடி, கறுப்புப் பட்டை கட்டு, கோர்ட்டுக்கு வெளியே ஊர்வலம் போ; வக்காலத்து வாங்கியவன் உள்ளே ஆஜராக வேண்டும். அபூர்வத்திலும் அபூர்வமாக, கோர்ட்டின் கண்ணியமே ஆட்டம் காணும் நேரத்தில், ஒரு நாளுக்கு மிகாத புறக்கணிப்பைக் கோர்ட் கண்டும் காணாமல் விடலாம், அதற்கும் முன்கூட்டி நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றது. அதற்கும் முந்தி, 2000-இல், ரேமன் சர்வீசஸ் வழக்கில், வக்கீல் ஸ்ட்ரைக் காரணமாக வராமல் கட்சிக்காரருக்கு நஷ்டம் வந்தால் அதை வக்கீலே சுமக்க நேரிடும் என்று எச்சரித்தது. 2023 ஏப்ரலில் இன்னொரு உத்தரவு: வக்கீல்களுக்குக் குறை இருந்தால் சொல்லிக்கொள்ள உயர் நீதிமன்றங்கள் குறைதீர் குழு அமைக்க வேண்டும். அப்படியும் 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோது தமிழ்நாடு பூராவும் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தது உங்களுக்கே தெரியும். அந்தச் சட்டங்களை நிறுத்தச் சொன்ன கோரிக்கையில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. வாய்தாவுக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

நம் டெல்டாவுக்கு இதில் தனி வேடிக்கை ஒன்று உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையைச் சேர்ந்தது. 2004 ஜூலையில் கிளை திறந்ததிலிருந்து அப்படித்தான். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றும் சென்னையோடு. ஆக, தஞ்சாவூர் மாவட்டத்துக் கும்பகோணத்தில் ஏறித் திருவாரூர் மாவட்டத்துக் குடவாசலில் இறங்கினால் உயர் நீதிமன்றமே மாறிவிடும். புறக்கணிப்புக்கான அழைப்பு சென்னையிலிருந்து ஒன்றாகவும் மதுரையிலிருந்து வேறாகவும் வரும் நாட்களில், ஒரே ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் இரண்டு ஊர்க் கட்சிக்காரர்களில் ஒருவருக்கு வழக்கு நடக்கும், மற்றவருக்கு நடக்காது. மேலே சங்கங்களின் கூட்டமைப்பு சொல்லும், கீழே ஒவ்வொரு சங்கமும் அவசரப் பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போடும். கட்சிக்காரர் காதுக்கு அது எட்டும்போது காலை பத்தரை மணி, அவர் கோர்ட் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்.

நான் செயலாளராக இருந்த சங்கம் டெல்டாவில் ஒரு சின்ன தாலுகா ஊர்ச் சங்கம். பேர் வேண்டாம். ஒரு ஜூன் மாதம், 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணையைத் தாண்டி வந்துகொண்டிருந்த சமயம். குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த ஒரு பெரியவர், பக்கத்து வயல்காரர் வாய்க்காலில் மண்ணைத் தள்ளி அடைத்துவிட்டார் என்று இடைக்கால உத்தரவு கேட்டு மனு போட்டிருந்தார். விசாரணை அன்று பாய்காட். மூன்று நாள் என்று தீர்மானம், நான்தான் மினிட் புத்தகத்தில் எழுதினேன். வாய்தா பத்து நாள் தள்ளிப் போயிற்று. வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். சத்தமெல்லாம் போடவில்லை. "நீங்க கூடிப் பேசி என் தண்ணிய நிறுத்திட்டீங்களேய்யா. கூடுறதுக்கு முன்னாடி என்னயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல?" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியில்லை என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். நன்றாகத்தான் தூங்கினேன். அடுத்த மாதச் செயற்குழுவில் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது, சொன்னேன். மூத்த வக்கீல் ஒருவர், 'அப்படியானால் ஒரு கூட்டத்துக்குக் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டுத்தான் பாரேன்' என்றார். பாதி கிண்டல், பாதி நிஜம். கூப்பிட்டோம்.

கோர்ட் வாசலில் தமிழில் நோட்டீஸ் ஒட்டினோம். எங்கள் சங்க நோட்டீஸ் அதுவரை இங்கிலீஷில்தான் இருந்தது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தார் என்று மேடையில் பெருமை பேசுவோம், வாசல் நோட்டீஸை இங்கிலீஷில் ஒட்டுவோம். போகட்டும். மாதத்தின் கடைசி வெள்ளி, கோர்ட் முடிந்து ஐந்து மணிக்கு, முதல் அரை மணி நேரம் பொதுமக்களுக்கு, அதன் பிறகு கதவு சாத்தப்படும் என்று போட்டோம்.

முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினாலு பேர். ஆரம்பித்த ஐந்து நிமிடத்தில் சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருவர் எழுந்து, தன் வக்கீல் பணம் வாங்கிக்கொண்டு ஆஜராகவில்லை என்று பேரைச் சொல்லிவிட்டார். அந்த வக்கீல் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் நடந்ததை எழுதவேண்டாம். தப்பு எங்களுடையது. எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று முன்னாலேயே சொல்லாமல் கதவைத் திறந்தால் அப்படித்தான் ஆகும்.

அடுத்த மாதத்துக்கு மூத்தவர் உட்கார்ந்து விதி எழுதினார். தனிப்பட்ட வக்கீல் பேர் இங்கே வராது. அந்தப் புகாரை எப்படி பார் கவுன்சிலுக்கு அனுப்புவது என்று செயலாளர் சொல்லித்தருவார். நடந்துகொண்டிருக்கும் வழக்கின் நியாய அநியாயம் பேசக் கூடாது. நாளைக்கே எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். நீதிபதியைப் பற்றிப் பேசக் கூடாது. ஆளுக்கு மூன்று நிமிடம். சொன்னதைச் செயலாளர் எழுதிக்கொள்வார், பதில் அடுத்த கூட்டத்தில். கதவு சாத்திய பிறகு பேசுவதற்கும் பட்டியல் போட்டார்: சந்தா பாக்கி, உறுப்பினர் மருத்துவ உதவி, நலநிதி மனு, உறுப்பினர்களுக்குள் தகராறு. அவர் கலிஃபோர்னியாவைப் பற்றிக் கேள்விப்பட்டவர் இல்லை. இருந்தும் அவர் பட்டியலும் கலிஃபோர்னியாவில் கதவை மூடிப் பேசும் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பிற்பாடு படித்தபோது கவனித்தேன்.

அதன் பிறகு வந்த கோரிக்கைகள் எங்களை வெட்கப்படவைத்தன, அவ்வளவு சின்னவை. பெண்களுக்குக் கழிப்பறை பூட்டியே இருக்கிறது. கூப்பிடும் நம்பர் வராந்தாவுக்குக் கேட்கவில்லை. குமாஸ்தா கேட்கும் பணத்துக்கு ரசீது இல்லை. அதில் ஒன்று, ஒரு அம்மாள் சொன்னது: "பாய்காட் பண்ணுங்க, பண்ணாம போங்க. மொத நாள் சாயங்காலமே சொல்லிடுங்க. எனக்கு பஸ் காசும் ஒரு நாள் நடவுக் கூலியும் மிஞ்சும்." புறக்கணிப்பு சட்டப்படி தப்பு என்று ஹரீஷ் உப்பல் வழக்கைக் காட்டி நான் வாதாடியதைச் சங்கம் கேட்கவில்லை. இந்த அம்மாள் சொன்னதைக் கேட்டது. வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினோம், முதல் நாள் ஆறு மணிக்குள் எழுதப்படும் என்று. கூடவே ஒரு தீர்மானம்: தண்ணீர், ஜாமீன், ஜீவனாம்சம் மூன்றும் புறக்கணிப்பில் சேராது. ஜாமீனும் ஜீவனாம்சமும் யார் வேண்டுமானாலும் நினைக்கக்கூடியவை. தண்ணீரைச் சேர்த்தது அந்தப் பெரியவர்.

அந்த ஏற்பாடு இரண்டு வருஷம் போல ஓடியது. பிறகு தேர்தல் வந்தது, புது நிர்வாகிகள் வந்தார்கள், அரை மணி நேரம் கால் மணி ஆயிற்று, ஒரு மாதம் 'கோரம் இல்லை', அதாவது போதிய ஆள் இல்லை, என்றார்கள், அப்படியே நின்றது. யாரும் ரத்து செய்து தீர்மானம் போடவில்லை. சங்க விதிகளான பைலாவில் சேர்க்காமல் செயலாளரின் ஆர்வத்தை நம்பி ஓட்டியது என் தவறு. பைலாவில் ஏற்றியிருந்தால் அதை எடுக்கவாவது பொதுக்குழு கூட்டியிருக்க வேண்டும்.

வெளியார் வந்தால் வக்கீல்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள், கூட்டம் நாடகம் ஆகிவிடும் என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பொதுமக்கள் வந்த நாட்களில் எங்கள் ஆட்கள் சிலர் கோர்ட்டில் காட்டாத வாதத் திறமையை அங்கே காட்டினார்கள். ஆனால் கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை ஊரார் முன்னால்தான் கூடுகிறது. அங்கேயும் நாடகம் உண்டு, கூச்சல் உண்டு. அதற்காக ஊராட்சி வரவு செலவைக் கதவைச் சாத்திக்கொண்டு படி என்று யாரும் சொல்வதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் வழக்கில் வக்கீல் வராததுதான் குறை என்றால், உள்ளூர்ச் சங்கத்திடம் போகாதீர்கள். சென்னை பார் கவுன்சிலுக்கு எழுத்துப்பூர்வமாக, கையெழுத்தும் உறுதிமொழியும் இட்டுப் புகார் அனுப்ப வேண்டும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் மூன்று பேர் கொண்ட ஒழுங்குக் குழு விசாரிக்கும். ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் தில்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். கண்டனம், இடைநீக்கம், பெயர் நீக்கம் என்று தண்டனை உண்டு. உங்கள் பணத்தை மீட்டுத் தருவது அந்தக் குழுவின் வேலை இல்லை, அந்த எதிர்பார்ப்போடு போகவேண்டாம்.

பாய்காட்தான் குறை என்றால் சங்கத்துக்கு எழுதுங்கள். 'கூட்டத்தில் உட்கார அனுமதி வேண்டும்' என்று எழுதாதீர்கள், முதல் வரியிலேயே மடித்து வைத்துவிடுவார்கள். மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: புறக்கணிப்புத் தீர்மானத்தை முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும், அவசர மனுக்களுக்கு விலக்கு வேண்டும், மாதம் ஒரு முறை அரை மணி நேரம் பொதுமக்கள் குறை கேட்க வேண்டும், அதைப் பைலாவில் சேர்க்க வேண்டும். நகல் ஒன்று மாவட்ட நீதிபதிக்கு. தனியாகக் கையெழுத்துப் போடாமல், உங்களோடு வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்களே, அவர்களில் இருபது பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகள் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் கொடுத்தால் நல்லது. அந்தச் சமயத்தில் போட்டியிடுகிற எல்லாரும் நின்று கேட்பார்கள். கொண்டுபோகும்போது செயலாளரிடம் நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் செயலாளராக இருந்தபோது வந்த கடிதங்களில், கையெழுத்துக் கேட்டவர்களின் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன்.